மதிப்பிற்குரிய அழைப்பாளரே

என் மனைவியின் தம்பிக்கு வெண்கலக் குரல். பக்கத்து மருத்துவமனைக்குப் போன் போட்டால், பதிவில் பேசுவது அவன்தான்.

அந்தப் பேச்சை எழுதியவன் நான். பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவன். 'ரிக்மரோல்' என்ற சொல்லுக்கு, "தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறதுடா" என்று வகுப்பில் நடித்தே காட்டுகிறவன். மச்சினன் கொண்டுவந்த தாளில் 'அவசரமென்றால் ஒன்றை அழுத்தவும்' என்று மொட்டையாக இருந்தது. "என்ன மாப்ளே, நாயை விரட்டுற மாதிரி இருக்கு?" என்றேன். வணக்கம், வாழ்த்து, நிறுவனரின் பெருமை எல்லாம் சேர்த்து, அவசரத்தைக் கடைசியில் ஒன்பதாம் எண்ணுக்குத் தள்ளிவிட்டேன். அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. புகழ் அவனுக்கே போகட்டும் என்ற பெருந்தன்மை!

போன வாரம் காலை, சட்டைக்குப் பொத்தான் போடும்போது நெஞ்சை யாரோ மிதித்தது போல வலி. தரையில் சாய்ந்தேன். மனைவி மருத்துவமனைக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவன் குரல். பதற்றத்தில், நிஜமாகவே தம்பிதான் பேசுகிறான் என்று நம்பிவிட்டாள்.

"தம்பி! மாமா விழுந்துட்டாருடா!"

"மதிப்பிற்குரிய அழைப்பாளரே, தங்கள் அழைப்பால் பெருமகிழ்ச்சி அடைகிறோம்."

"டேய், அக்காடா! வண்டி அனுப்புடா!"

"எங்கள் மருத்துவமனை கடந்து வந்த பாதை..."

"ஏன்டா இப்படிப் பேசுற? நான் உனக்கு என்னடா குறை வச்சேன்?"

'ஒன்பதை அழுத்து' என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அவள் அழுகையைக் கேட்டு ஓடிவந்த எதிர்வீட்டு டிரைவர்தான் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். பிழைத்தேன்.

இப்போது மச்சினன் என் கட்டிலருகே தலை குனிந்து நிற்கிறான். அது வெறும் பதிவு என்று தெரிந்த பிறகும், இப்படி நீட்டி முழக்கியது அவன் வேலைதான் என்று அக்கா அவன் முகத்தைப் பார்ப்பதே இல்லை. 'மாமா எழுதினதை வாசிச்சேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துக்கொள்வான். சொல்லவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இன்று உடைத்துவிடுவது என்று தொடங்கினேன்.

"இந்தா பாரு, ஒரு விஷயம். அதாவது, ஒரு பேச்சுன்னா அதுக்கு ஒரு மரியாதை வேணும் இல்லையா... இவன் அன்னிக்கு வந்தப்போ என்ன ஆச்சுன்னா..."

"மூச்சு வாங்குது, பேசாதீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவனை மன்னிச்சிடுன்னு சொல்ல வர்றீங்க, அவ்வளவுதானே? உங்க மனசு யாருக்கு வரும்!"

மச்சினன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

நான் ஆமென்று தலையாட்டினேன்.