பெற்றவள் போட வேண்டிய கையெழுத்து

“ஒரு கையெழுத்துப் போடறதுக்கு நாலு மாசமா நீ என்னை—”

“நாலு மாசமா நானும்தானே மாட்டேங்கறேன், உன் காதுல என்ன—”

“மெதுவாம்மா. சாமி கும்பிட வந்தவங்க எட்டிப் பாக்கறாங்க.”

“பாக்கட்டும்! ஒத்தைப் பொண்ணை மலைக்குத் தூக்கிக் குடுன்னு கேக்கறீங்களே, அதையும் பாக்கட்டும்.”

சீனத்துச் சிங்செங் மலையில், தாவோ துறவிகள் கோயிலின் சமையல்கட்டில் யுன்சியாவுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. செங்டுவிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து, ஆயிரத்துச் சொச்சம் படி ஏறி, மகளுக்குப் பிடிக்குமே என்று புகையில் வாட்டிய பன்றிக்கறி சுமந்து வந்திருந்தாள். இங்கே கறி ஆகாது என்று வாசலிலேயே பையை வாங்கி வைத்துவிட்டார்கள். அந்த எரிச்சல் வேறு.

மகள் மியாவ்லானுக்கு முப்பத்தொன்று. லிஃப்ட் கம்பெனியில் புகார் போன் எடுத்துக்கொண்டிருந்தவள், பஸ்ஸில் படிக்கவென்று அந்தக் காலத்துக் கிழ ஞானி ஒருவர் எழுதிய மெலிசான தாவோ நூலை வாங்கினாள். அடுத்த வருஷமே வேலையை உதறிவிட்டு மலையேறிவிட்டாள். வருகிற ஒன்பதாம் தேதி தலைவாரிக் கொண்டை போட்டு, குல்லாய் வைத்து, துறவியாகச் சேர்த்துக்கொள்ளப் போகிறார்கள். பெற்றவள் சம்மதம் எழுத்தில் வராமல் சீப்பைத் தொடமாட்டார்கள்.

“அந்தப் புத்தகத்தை ஒருதடவை படிச்சுட்டுத் திட்டும்மா.”

“படிச்சேன்டி. குத்தம் கண்டுபிடிக்கணும்னே மூணு தடவை படிச்சேன். எதையும் வம்படியா இழுக்காதேன்னு பக்கத்துக்குப் பக்கம் சொல்றாரு அந்தக் கிழவர். நீ என்னடான்னா பேனாவை என் விரலுக்குள்ள திணிக்கிறே!”

மியாவ்லான் சம்மதத் தாளை நாலாக மடித்து உள்பையில் வைத்தாள்.

“நீ சொல்றது சரிதாம்மா. இனிமே கேக்கலே.”

கோபமே இல்லை குரலில். நூடுல்ஸ் கிண்ணத்தை அம்மா முன் வைத்துவிட்டு முள்ளங்கி நறுக்க உட்கார்ந்தாள்.

“உப்பே இல்லே இதுல.”

“கம்மிதாம்மா.”

“இதைத் தின்னா உடம்பு என்னத்துக்கு ஆகும்?”

“ஆகாதுதான்.”

கதவை ஓங்கிச் சாத்தும் பெண் இவள். ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை திருப்பிப் போடுகிறவள். யுன்சியா மனசுக்குள் அடுக்கி வைத்திருந்த பதில்களெல்லாம் போக்கிடமில்லாமல் நின்றன. பஞ்சு மூட்டையைக் குத்துகிற மாதிரி இருந்தது. ஒன்பதாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள். இவள் கேட்காவிட்டால் தான் எதை மறுப்பது? கிண்ணம் ஆறிக்கொண்டிருந்தது. முள்ளங்கி வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து விழுந்தன.

“ஏண்டி, இன்னும் ஒரே ஒரு தடவை கேளேன்.”