பன்னிரண்டு தோட்டத்து நீலக் கைகள்

தோட்டப் பயிற்சி தொடங்கிய மூன்றாம் நாள் காலை பத்தேகாலுக்கு, கம்பிக்காரி பறித்து வைத்திருந்த கீரைக்கட்டின் மேல் ஒரு கை தெரிந்தது. கை என்றால் கையின் தடம். ஐந்து விரலும், உள்ளங்கை ரேகையும், கட்டைவிரல் ஓரத்துத் தழும்பும் பேனா மையின் நீலத்தில் பச்சை இலைமேல் பதிந்திருந்தன. தண்ணீரில் அலசினால் போகவில்லை. துணியால் துடைத்தால் இலை கிழிந்தது, கை அப்படியே இருந்தது. தழும்பை வைத்து அது பக்கத்துத் தோட்டக்காரருடையது என்று கண்டுபிடித்தார்கள். அவரும் மறைக்கவில்லை, உரக்குழியைக் கிளறிவிட்டுக் கழுவாத கையோடு கட்டைத் தூக்கிக் கொடுத்ததை ஒப்புக்கொண்டார். பன்னிரண்டு குடும்பங்களும் ஆடிப்போய் நின்றன. பாடம் எடுக்க வந்திருந்த டீச்சர் மட்டும் தன் பெட்டியிலிருந்து சோப்பை எடுத்து மேஜைமேல் வைத்து, நாளைக்குச் சொல்ல வேண்டியதை இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்றார்.

அந்தப் பன்னிரண்டு குடும்பங்களும் மூன்று தலைமுறையாக ஊரின் சாக்கடைகளைச் சுத்தம் செய்தவர்கள். வண்டி வண்டியாகச் சேறு அள்ளியிருக்கிறார்கள். மண்ணில் ஒரு விதை போட்டதில்லை. நகராட்சி ஒரு நாள் மனம் இளகி, ஊருக்குக் கீழே கால்வாய் ஓரமாக, வேறு யாரும் கேட்காத தாழ்ந்த நிலத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து அவர்களுக்குக் கொடுத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் கொடுத்தது. ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு மூன்று முறை காய்கறி அனுப்பலாம். ஒரு முறையாவது அங்கே ஏற்றுக்கொண்டால் நிலம் அவர்களுக்கே சொந்தம். மூன்று முறையும் திரும்பி வந்தால் நிலமும் நகராட்சிக்குத் திரும்பிப் போகும். இவர்கள் கை பட்ட காயை யார் வாங்குவார்கள் என்று கடைத்தெருவில் அப்போதே பேச்சு இருந்தது. அப்படிப் பேசியவர்களில் பலர் நல்லவர்கள், பண்டிகைக்குப் பழைய துணி கொடுக்கிறவர்கள்.

கம்பிக்காரிக்கு அந்தப் பெயர், பதினோரு வருஷம் சாக்கடைக் குழாய்களில் கம்பி விட்டு அடைப்பெடுத்ததால் வந்தது. நாற்பத்திரண்டு வயதில் முதல்முறையாக அவளுக்கென்று ஒரு வேலி இருந்தது. பச்சைப்பிள்ளை மூச்சு விடுகிறதா என்று பார்ப்பதைப் போல, விடிந்ததும் முட்டைக்கோஸ் பாத்தியை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். நிலம் போனால் திரும்பக் கம்பியைத்தான் பிடிக்க வேண்டும். இன்னொரு முறை அதைத் தொடுவதைவிடச் செத்துப்போகலாம் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தாள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் வீட்டுக்காரர் மட்டும் இன்னமும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நிலம் உறுதியாகும்வரை வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே. காலை ஒன்பது மணிக்குச் சாக்கடைக் குழியிலிருந்து ஏறி, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தோட்டத்துக்கு வந்து களை பிடுங்குவார். பன்னிரண்டு குடும்பத்தில் இன்னமும் குழிக்குள் இறங்கும் ஆள் அவர் ஒருவர்தான்.

டீச்சர் பத்து நாள் பாடம் வைத்திருந்தார். அதில் ஒன்பது நாள் கையைப் பற்றி. இருபது எண்ணும்வரை தேய்க்க வேண்டும், நகக்கண்ணை விடக்கூடாது, விரலில் வெட்டு இருந்தால் கட்டுப்போட்டு உறை மாட்ட வேண்டும், வயிறு சரியில்லாதவர் அன்றைக்கு அறுவடைப் பக்கமே வரக்கூடாது, கூடையை வெறும் தரையில் வைக்கக்கூடாது. கழுவிக் காட்ட அவர் தன் வீட்டிலிருந்தே இரண்டு வெள்ளை கேன்களில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். பாடம் நடந்த கொட்டகையில் அந்தத் தண்ணீரில் கழுவிய கை எதைத் தொட்டாலும் நீலம் விழவில்லை; கழுவாத கை தொட்டால் உடனே விழுந்தது. இதைவிட நல்ல கரும்பலகை எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடையாது. ஒரு வாரத்தில் எல்லோரும் தூக்கத்தில்கூட இருபது எண்ணினார்கள். வெள்ளரிக்காய் திருட்டும் நின்றுபோனது, திருடனின் கை கொடியிலேயே மிஞ்சிவிட்டதால்.

ஆனால் தோட்டத்தில் மட்டும் நீலம் நிற்கவில்லை. முதல் லோடுக்கு முந்தின நாள் பார்த்தால் பாத்திக்குப் பாத்தி கைகள், ஒன்றன்மேல் ஒன்றாக, ரேகை தெரியாமல் கலங்கி. டிரம் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் பிளீச்சிங் பவுடர் போட்டு அலசலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அவர்கள் வாழ்நாளெல்லாம் பிளீச்சிங் பவுடரை முறத்தால் வாரி இறைத்தவர்கள். ஒரு ஸ்பூன் என்பதை டீச்சரின் கஞ்சத்தனமாக எடுத்துக்கொண்டு, குழிக்குப் போடும் கணக்கில் அள்ளிப் போட்டார்கள். கால் மணி நேரத்தில் கீரை முழுக்க வெள்ளைக் காகிதமாக வெளுத்தது. நீலக் கைகள் அதன்மேல் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தன. கண் எரிச்சலில் கண்ணீர் வழிய, கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அலசாமல் மிச்சமிருந்ததை அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிச் சமையல்காரர் மூடியைத் திறந்தவர், கூடைக்குள்ளிருந்து அத்தனை கைகள் தன்னை நோக்கி விரிந்திருப்பதைப் பார்த்து இரண்டு அடி பின்னால் போய், அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்.

அன்று பக்கத்துத் தோட்டக்காரரின் மனைவி கம்பிக்காரியை ஓரமாகக் கூப்பிட்டு, தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்று ஆரம்பித்தாள். தடங்களில் பாதி ஆம்பளைக் கைகள். நம்மில் இன்னமும் குழிக்குள் இறங்குகிறவர் யார் என்று யோசித்துப் பார், அவ்வளவுதான் சொல்வேன் என்றாள். கம்பிக்காரி யோசிக்கவில்லை. அதுதான் பின்னால் அவளை அறுத்தது: ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. வீட்டுக்காரர் வந்ததும் வேலி வாசலிலேயே நிறுத்தி, "ஏங்க, நீங்க இனிமே உள்ள வர வேண்டாம்" என்றாள். அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்தார். குழியிலிருந்து ஏறியதும் ஒரு முறை, வீட்டில் ஒரு முறை, டீச்சரின் கேனில் ஒரு முறை கழுவிய கைகள். பிறகு "சரி" என்றார்.

அதற்குப்பின் நாற்பது நாள் அவர் வேலிக்கு வெளியே ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பாத்தி காய்கிறது, இந்தச் செடியில் பூச்சி ஏறுகிறது என்று அங்கிருந்தே சொல்வார். சாப்பாட்டை அவள் வேலிக்கு மேலாக நீட்டுவாள். நீலம் குறையவில்லை. தான் இல்லாத நேரத்தில் உள்ளே வருகிறாரோ என்று கேட்டின் குறுக்கே ஒரு நூலையும் கட்டிவைத்தாள். அவர் அந்த நூலைப் பார்த்தார். நூல் அறுபடவே இல்லை. இரண்டாவது லோடும் திரும்பி வந்தது. நகராட்சியிலிருந்து ஓர் ஆள் வந்து நிலத்தை நாடாவால் அளந்துவிட்டுப் போனான்.

மூன்றாவது லோடுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் நாலு மணிக்கு, கம்பிக்காரி தனியாக உறை மாட்டிக்கொண்டு முட்டைக்கோஸுக்குத் தண்ணீர் விட்டாள். கால்வாய் மோட்டாரிலிருந்து வரும் குழாய்தான். எப்போதும் வேலிக் கேட்டருகே நின்று தண்ணீர் விடுகிறவள் அன்றைக்குப் பாத்திக்கு நடுவில் நின்றாள். தண்ணீர் இலைமேல் விழுந்தது; கூடவே ஒரு கை விழுந்தது. சத்தத்தோடு விழுந்தது, முதுகில் ஓங்கித் தட்டியதைப் போல. அடுத்தது இன்னொன்று. கல் மோதிரம் போட்ட கை, நீண்ட நகம் வைத்த கை, குழந்தையின் கை, எழுதி எழுதி நடுவிரல் காய்த்துப்போன கை. அவள் குழாயை அப்படி இப்படித் திருப்பிப் பார்த்தாள். திருப்பிய பக்கமெல்லாம் விழுந்தன. ஊரே வந்து அவள் முட்டைக்கோஸை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்ப்பதைப் போலிருந்தது. அவள் வீட்டுக்காரரின் வலது ஆள்காட்டி விரல், சாக்கடை மூடி விழுந்து பக்கவாட்டில் வளைந்தது. அப்படி ஒரு விரல் அந்தப் பாத்தியில் எங்கேயும் இல்லை. இருபது வருஷம் அந்தக் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டவள், நாற்பது நாளில் ஒரு முறைகூட அந்த விரலைத் தேடிப் பார்க்கவில்லை. சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வேலியோரம் வீட்டுக்காரரிடம் போனாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். வாயில் வந்தது வேறு. ஊர்ச் சாக்கடை கால்வாயில் விழும் பழைய வாயை அடைத்துவிட்டார்களா இல்லையா என்று கேட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன் தானே சிமெண்டு வைத்து அடைத்ததாக அவர் சொன்னார். அன்றைக்கே போய் இறங்கிப் பார்த்துவிட்டும் வந்தார். அடைப்பை யாரோ உடைத்திருந்தார்கள். மேட்டுத்தெருவில் தண்ணீர் தேங்குகிறது என்று புகார் வந்ததும், நகராட்சியே ஆள் விட்டு உடைத்து, மோட்டாருக்கு முந்நூறு அடி மேலே ஊரையே கால்வாயில் திறந்துவிட்டிருந்தது. டீச்சரிடம் சொன்னபோது அவர் முகம் செத்துப்போயிற்று. தண்ணீரைப் பற்றிய பாடம் பத்தாம் நாளில், கடைசி ஒரு மணி நேரம். அன்றைக்கும் சான்றிதழ் கொடுக்க நேரமாகிவிட்டதென்று பாதியில் நிறுத்தியிருந்தார். "தப்பு என்னுது. உங்க கையையே பாத்துட்டு இருந்தேன்" என்றார்.

மறுநாள் நகராட்சிக் கூட்டத்தில் கம்பிக்காரி ஒரு கூடை முட்டைக்கோஸை மேஜைமேல் கவிழ்த்தாள். உருண்டுபோய் ஒவ்வொருவர் முன்னாலும் ஒன்று நின்றது, அவரவர் முன்னால் அவரவர் கை. எப்படி அப்படி நின்றது என்று அன்றும் யாரும் கேட்கவில்லை, இன்றும் கேட்பதில்லை. தலைவர் தன் முன்னால் இருந்ததைப் பார்த்தார். கல் மோதிரம் வரை தெளிவாக இருந்தது. அவர் கையை மேஜைக்கடியில் இறக்கினார். மற்றவர்களும் இறக்கினார்கள். வயதான குமாஸ்தா ஒருவர் மட்டும், பார்த்துவிடுவோமே என்று தன் கையை எடுத்துத் தடத்தின்மேல் வைத்தார். நடுவிரல் காய்ப்புவரை அச்சாகப் பொருந்தியது. "என்னுதுதான்" என்றார். அதற்குமேல் கூட்டத்தில் விவாதம் நடந்ததாகக் குறிப்பேட்டில் இல்லை. மூன்று நாளில் வாயை அடைத்தார்கள். தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறும் போட்டார்கள். டீச்சர் அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பி, நல்ல தண்ணீர் என்ற தாள் கைக்கு வந்தபிறகுதான் குழாயைத் திறக்கவிட்டார். ஆஸ்பத்திரி அதுவரை நாள் தள்ளிக் கொடுத்தது. பழைய கைகள் விழுந்த மேலிலைகளையெல்லாம் உரித்துப்போட்டுவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டார்கள்.

மூன்றாவது லோடு ஏற்கப்பட்டது. பன்னிரண்டு பட்டாவும் வந்தன. அந்த லோடுக்குப் பறித்த காலையில் கம்பிக்காரி கேட்டில் இருந்த நூலை அவிழ்த்து, "ஏங்க, உள்ள வாங்க" என்றாள். அவர் கையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று கழுவினார். இருபதுக்குப் பிறகும் அவர் தேய்த்துக்கொண்டே இருந்ததை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று அவர் அறுபது முட்டைக்கோஸ் அறுத்தார். ஒன்றிலும் ஒரு புள்ளி நீலம் விழவில்லை. கடைசிக் கூடையைத் தூக்கும்போது அவள் அவர் தோளில் கை வைத்தாள். அவளும் புதுத் தண்ணீரில், சோப்புப் போட்டு, எண்ணித்தான் கழுவியிருந்தாள். கையை எடுத்தபோது அவர் வெள்ளைச் சட்டையின் தோளில் அவளுடைய ஐந்து விரலும் உள்ளங்கையும் நீலமாகப் பதிந்திருந்தன.

எல்லோரும் பார்த்தார்கள். டீச்சரும் பார்த்தார், அவர் பாடத்தில் இதற்கு ஒன்றும் இல்லை. கம்பிக்காரி சட்டையைக் கழற்றச் சொல்லி அங்கேயே சோப்பைத் தேய்க்கப் போனாள். அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, "விடு, சட்டைதானே" என்றார். பிறகும் அவள் எத்தனையோ முறை துவைத்துப் பார்த்துவிட்டாள். அவர் குழி வேலையை விட்டு ஆறு வருஷமாகிறது. சட்டைக் காலர் நைந்துவிட்டது, இரண்டு பித்தானும் மாறிவிட்டன, கை மட்டும் நேற்று வைத்ததைப் போலிருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் அதைப் போட்டுக்கொண்டு அவர் முட்டைக்கோஸுக்குத் தண்ணீர் விடுகிறார்.