குறுக்குப் பேச்சு

என் வீட்டுக்காரர் பத்திரிகை ஆபீசில் பிழை திருத்துற வேலை பார்த்தவர். அங்கே திருத்தினது போதாதுன்னு வீட்டுக்கு வந்து என்னையும் திருத்துவார். நான் வாய் நிறைய ஒரு விஷயத்தை ஆரம்பிச்சிருப்பேன், "இரு, இரு, அப்படி இல்ல"ன்னு குறுக்கே விழுவார். செவ்வாய்க்கிழமை இல்ல, புதன். மாமா சொல்லல, அத்தைதான் சொன்னாங்க. கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு கதையை நான் முழுசா சொல்லி முடிச்சதா சரித்திரமே இல்லை. "உங்க வாயைத் தைச்சுப் போட்டாத்தான் எனக்கு நிம்மதி"ன்னு ஒரு தடவை கத்தியிருக்கேன். என் நாக்கில அன்னைக்கு சனிதான் உட்கார்ந்திருக்கணும்.

அவருக்குத் தொண்டையில புற்று வந்துச்சு. குரல்வளையை எடுத்தே ஆகணும்னு சொல்லிட்டாங்க. நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். எத்தனையோ பேருக்கு அந்த மேஜை பக்கத்துல நின்னு கத்தி எடுத்துக் கொடுத்தவ. அவரை உள்ளே தள்ளிட்டுப் போனப்போ மட்டும் வெளியே பெஞ்சுல உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன்.

ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு சின்னக் கம்பெனிக்காரங்க அவரைப் பக்கம் பக்கமா படிக்க வச்சு, குரலைப் பதிவு பண்ணி, எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல ஏத்திக் கொடுத்தாங்க. அவர் தட்டச்சு பண்ணினா அது பேசும். முதல்ல தகர டப்பா பேசுற மாதிரிதான் இருந்துச்சு. கம்பெனி இழுத்து மூடுறதுக்கு முன்னால ஒரு புதுப் பதிப்பு கொடுத்தாங்க பாருங்க, அது அசல் அவரே. பேசத் தொடங்கும்போது லேசா மூச்சை இழுக்கிறதுகூட அப்படியே.

ஆனா பெட்டி பழசு. அதுல இருந்த பிராசஸருக்கு அந்தப் புதுப் பதிப்பு தாங்கல. ஒரு வரியை மென்னு முழுங்கி வெளியே விடறதுக்குள்ள எங்க பேச்சு எங்கேயோ போயிருக்கும். ஒரு நாள் எங்க பொண்ணு போன்ல வீட்டு ஓனரோட நடக்கிற தகராறைச் சொல்லிட்டிருந்தா. அது முடிஞ்சு, அவ வாங்கின செருப்பு காலைக் கடிக்குதுன்னு பேச்சு மாறிடுச்சு. அப்பதான் பெட்டி, "ஒரு வக்கீலைப் பாரு"ன்னுச்சு. நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம். அவரும் சிரிச்சார். அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பெட்டி முன்னால இருக்கிற நாற்காலியில உட்காரறதையே விட்டுட்டார். எதைக் கேட்டாலும் மண்டையை ஆட்டுறதோட சரி. நான் கிழமையைத் தப்பா சொன்னாலும், ஆளை மாத்திச் சொன்னாலும் ஆட்டுவார். அந்த ஆட்டல்தான் என்னைக் கொன்னுச்சு.

வேற கம்ப்யூட்டர் வாங்க வேண்டியதுதானேன்னு கேட்பீங்க. அந்தக் குரலுக்கும் இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற மதர்போர்டுக்கும் பூட்டுப் போட்டிருக்கு. இடம் மாத்தினா திறக்காது, திறந்து கொடுக்கக் கம்பெனியும் இல்லை. என் கொழுந்தன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வச்சிருக்கார். அவர்தான் வழி சொன்னார். "போர்டு அப்படியே இருக்கட்டும் அண்ணி. பிராசஸரை மட்டும் மாத்துவோம். ஆனா போர்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா அண்ணன் குரல் அதோட போச்சு."

புது பிராசஸரை ஏத்துக்கிற மாதிரி போர்டைப் போன வாரமே வந்து தயார் பண்ணிட்டுப் போனார். போகும்போது ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். "நான் வர்றப்போ மெஷின் ஓடிட்டு இருக்கணும். நல்லா சூடேறி இருக்கணும்."

நான் கேட்டேனா? என் சர்வீஸ்ல காய்ச்சலோட ஒருத்தரை மேஜையில ஏத்தினது கிடையாது. முந்தின நாளே வயித்தைக் காயப் போட்டு, ஓய்வு கொடுத்து, சில்லுனு படுக்க வச்சாத்தான் ஆபரேஷன். இவர் சூடா வைக்கச் சொல்றாரே, கடைக்காரருக்கு என்ன தெரியும்னு நினைச்சேன். முந்தின நாள் சாயங்காலமே பெட்டியை அணைச்சு, பிளக்கைப் பிடுங்கி, மேலே ஒரு துணியைப் போட்டு மூடினேன். வீட்டுக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாத்தையும் பார்த்துட்டுதான் இருந்தார்.

மறுநாள் காலையில கொழுந்தன் வந்தார். "எல்லாம் ரெடியா அண்ணி?"

"எல்லாம் ரெடி"ன்னேன்.

பெட்டியைப் படுக்க வச்சு மூடியைக் கழட்டினார். பிராசஸர் மேல, சூட்டை இழுக்கிறதுக்காக, விசிறியோட ஒரு அலுமினியக் கட்டி உட்கார்ந்திருக்கு. நடுவுல பசை. கட்டியைப் பிடிச்சுத் திருகிப் பார்த்தார், அசையல. கொஞ்சம் பலமா இழுத்தார். சடக்குனு ஒரு சத்தம். கட்டியோட பிராசஸரும் வேரோட பிடுங்கின மாதிரி கையில வந்துடுச்சு.

கொழுந்தன் முகம் வெளுத்துப் போச்சு. அதைத் திருப்பிப் பார்த்தார். அடியில முடி முடியா இருக்கிற கம்பிக்கால்கள்ல ஒரு மூலையில எல்லாம் சாய்ஞ்சு கிடந்துச்சு. ஒரு கால் இல்லவே இல்லை. முறிஞ்சு போர்டுல இருக்கிற ஓட்டைக்குள்ளேயே மாட்டிக்கிச்சு.

"அது உள்ளே இருக்கிற வரைக்கும் புதுசு உட்காராது அண்ணி. தோண்டப் போய் போர்டு கெட்டா எல்லாம் முடிஞ்சுது." என் பக்கம் திரும்பினார். "சூடா இருந்தா பசை இளகியிருக்குமே! மெஷின் ஓடிட்டுத்தானே இருந்துச்சு?"

"ஆமா, இவ்வளவு நேரம் ஓடிட்டுத்தான் இருந்துச்சு"ன்னேன். வாய் கூசாம சொன்னேன்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவர் சட்டைப்பையில எப்பவும் ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் இருக்கும். கை அந்தப் பைக்கு மேல போச்சு. போய், அங்கேயே கொஞ்சம் நின்னுட்டுக் கீழே இறங்கிடுச்சு. தப்பைப் பார்த்துட்டு சும்மா விடற மனுஷனா அவர்? முறிஞ்ச கம்பிக்காலைவிட அந்தக் கை இறங்கினதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. இந்த மனுஷன் பேசறதையே விட்டுட்டாரே.

"தள்ளுங்க தம்பி"ன்னேன். என்கிட்ட கண் ஆபரேஷனுக்குப் பிடிக்கிற மாதிரி மெல்லிசா ஒரு இடுக்கி இருக்கு. அதைத் துடைச்சு எடுத்தேன். கொழுந்தன் பூதக்கண்ணாடியைப் பிடிச்சார், வீட்டுக்காரர் டார்ச் அடிச்சார். ஓட்டைகளை இறுக்கிப் பிடிச்சிருந்த நெம்புகோலைத் தூக்கி விட்டு, "இப்ப பிடி தளர்ந்திருக்கும் அண்ணி, பக்கத்துல உரசிடாதீங்க"ன்னார் கொழுந்தன். எறும்புக் கால் அளவுக்கு ஒரு பளபளப்பு தெரிஞ்சுது. முதல் தடவை நழுவுச்சு. ரெண்டாவது தடவையும் நழுவுச்சு. மூச்சை அடக்கிட்டுப் பிடிச்சேன். வந்துடுச்சு.

புதுசை வச்சு, பசை தடவி, கட்டியை மாட்டி, கொழுந்தன் பொத்தானை அழுத்தினார். விசிறி சுத்துச்சு. திரை கறுப்பாவே இருந்துச்சு. கடவுளே, கடவுளேன்னு முணுமுணுத்துட்டு நின்னேன். அப்புறம் வெளிச்சம் வந்துச்சு.

"அண்ணா, ஏதாவது அடிச்சுப் பாருங்க"ன்னார் கொழுந்தன். வீட்டுக்காரர் நாற்காலியில உட்கார்ந்தார். கையை மடியிலேயே வச்சுக்கிட்டார். தலையை மட்டும் ஆட்டினார், அப்புறம் பார்க்கலாம்ங்கிற மாதிரி. கொழுந்தன் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பொண்ணு போன் பண்ணினா. ஸ்பீக்கர்ல போட்டேன்.

"என்னம்மா ஆச்சு? முடிஞ்சுதா?"

"அதை ஏன் கேட்கறே! கண்டம் தப்பிச்சுது. உன் சித்தப்பாவுக்குக் கை பதறிடுச்சு. வெடுக்குனு இழுத்துட்டார். நான் மட்டும் பக்கத்துல இல்லேன்னா…"

கொழுந்தன் தலையைக் குனிஞ்சுகிட்டார். எனக்குப் பின்னால சடசடன்னு தட்டச்சு சத்தம். லேசா ஒரு மூச்சு இழுக்கிற சத்தம்.

"இரு, இரு, அப்படி இல்ல. அவன் சூடா வைக்கத்தான் சொன்னான். நீதான் நேத்து சாயங்காலமே பிளக்கைப் பிடுங்கிப் போர்த்திப் படுக்க வச்சே. அவன் மேல பழி போடாதே."

போன்ல பொண்ணு, "அப்பா?"ன்னா.

என் வாக்கியம் பாதியிலேயே நின்னுடுச்சு. முடிக்கணும்னு தோணவே இல்லை. கண்ணுல தண்ணி கொட்டுது, துடைக்கக்கூட இல்லை நான்.

"ஆமாங்க, நான்தான்"னேன். "தம்பி, மன்னிச்சுக்கோங்க." அவர் பக்கம் திரும்பினேன். "இத்தனை நாளா நான் வேற என்னென்ன தப்பு சொல்லியிருக்கேனோ, அதையும்…"

"உட்காரு"ன்னுச்சு அவர் குரல், நான் முடிக்கிறதுக்குள்ள. "நிறைய இருக்கு."