லென்ஸ் பத்தல

"அத்தை, நீங்க அந்த நாற்காலிகிட்ட போய் நில்லுங்க" என்றான் கிளமென்ட், கேமராவுக்குப் பின்னாலிருந்து.

அமலி நகரவில்லை. கூடத்தின் நடுவில், பெட்டிக்குள், அவளுடைய அண்ணன் ஜேசுராஜ் கிடந்தான். தலைமாட்டில் அண்ணி பிலோமி, அவளை ஒட்டிப் பெரியப்பா சாமிதுரை, அப்புறம் பங்காளி வீட்டு ஆட்கள் என்று சுவரோரமாக வரிசை நின்றுவிட்டது. வரிசை முடிந்த இடத்தில், சன்னல் மூலையில், ஒரு மர நாற்காலி காலியாகக் கிடந்தது. அவளுக்கென்றே போட்டு வைத்த மாதிரி இருந்தது.

மறுபடியும் ஓரம்தான் என்று நினைத்துக்கொண்டாள். கோபம் வந்தது. சாவு வீட்டில் கோபம் வருகிறதே என்று வெட்கமும் வந்தது.

பதினைந்து வருடத்துக்கு முன் இதே கூடத்தில் அப்பாவின் பெட்டியைச் சுற்றி இப்படித்தான் நின்றார்கள். படம் எடுத்தவன் ஜேசுராஜ். அப்போதுதான் திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் ஸ்டுடியோ போட்டிருந்தான். அமலி, தங்கள் வயலில் நாற்று நட்ட காளியம்மாளின் மகன் அறிவுச்செல்வனைக் கட்டிக்கொண்டு நாகப்பட்டினம் போன புதிது. செத்த வீட்டில் மகளை வராதே என்று சொல்ல முடியாது, அதனால் சொல்லவில்லை. படம் கழுவி வந்தபோது பெரியப்பாவிலிருந்து கைக்குழந்தை வரை எல்லாரும் அதில் இருந்தார்கள். அமலி மட்டும் அரைத் தோளும் ஒரு கையுமாக இருந்தாள்.

"லென்ஸ் பத்தல அமலி" என்றான் அண்ணன், அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் நம்பவில்லை. அதற்குப் பிறகு விசேஷ வீடுகளில் "வா", "வரேன்" என்பதோடு பேச்சு முடிந்துபோனது.

இன்றைக்கு எல்லாமே சந்தேகமாக இருந்தது. ஒரு போன் போட்டால் போதாதா, விடிவதற்குள் நாகப்பட்டினத்துக்குக் கார் எதற்கு? வந்து இறங்கியதும் பிலோமி கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை நிஜம்தான், ஆனால் அவ்வளவு நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பானேன்? சாமிதுரைப் பெரியப்பா, "வீட்டுக்காரரும் வந்திருக்காராம்மா?" என்று விசாரித்தார். அறிவுச்செல்வனுக்கு அவர் வாயிலிருந்து மரியாதை கிடைத்து அவள் கேட்டதே இல்லை. நஞ்சையில் பெண்ணுக்கும் பங்கு உண்டு, கையெழுத்துக் கேட்கப்போகிறார்கள் என்று அமலி முடிவு கட்டிவிட்டாள். மத்தியானம் வரை யாரும் கேட்கவில்லை. அதுவும் சந்தேகமாக இருந்தது.

அறிவுச்செல்வன் வெளியே பந்தலில் உட்கார்ந்திருந்தார். ஹைஸ்கூல் வாத்தியார் என்று தெரிந்து யாரோ முன்வரிசையில் இடம் கொடுத்திருந்தார்கள். படத்துக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை.

"நாலு மணிக்குக் கோயில்ல பூசை. சீக்கிரம் எடுத்துடுவோம் அத்தை" என்றான் கிளமென்ட். ஜேசுராஜின் மகன் அவன். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. குவைத்தில் நர்சாக இருக்கும் அக்கா ஜாஸ்லினுக்கு லீவு கிடைக்கவில்லை. காலையில் தெருமுனை எஸ்.டி.டி பூத்துக்கு போன் செய்து, ஒருத்தரையும் விடாமல் நிற்க வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாள். இப்போதெல்லாம் எந்தச் சாவு வீட்டுக்கும் வெளிநாட்டில் ஒரு பிள்ளை, படத்துக்காகக் காத்துக்கொண்டு இருந்தது.

கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலின் மேல் மூன்று லென்ஸ்கள் இருந்தன. நாகப்பட்டினத்தில் சிங்கப்பூர்ச் சாமான் விற்கும் அல்லா பிச்சை அவற்றை ஜேசுராஜுக்குப் பார்த்து எடுத்துக்கொள்ளக் கொடுத்திருந்தாராம். மாலையோடு வந்திருந்தார். லென்ஸைத் திருப்பி வாங்கத்தான் வந்திருப்பார் என்று அமலி அவரையும் விட்டுவைக்கவில்லை.

"எதைப் போடுறதுன்னே தெரியல பாய்" என்று கிளமென்ட் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"அப்பா படத்த எடுத்தது இதுல எது?" என்று கேட்டாள் அமலி.

"தாத்தா படமா? அது பழைய லென்ஸ் அத்தை. கேமராவுலயே மாட்டியிருக்கு."

"தள்ளு. நான் பாக்குறேன்."

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. அமலி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கேமராவில் கண்ணை வைத்தாள். பிலோமியும் சாமிதுரையும் நட்டநடுவில் துல்லியமாகத் தெரிந்தார்கள். மூலை நாற்காலியின் ஒரு கை மட்டும் தெரிந்தது, மீதி இல்லை.

"எடுக்குறதுக்கு முன்னாடியே இப்படித் தெரிஞ்சுடுமா?"

"ஆமாத்தை. இதுல என்ன தெரியுதோ அதான் படத்துல வரும்."

"அப்ப பாத்துக்கிட்டேதான் எடுத்திருக்கான்."

பதினைந்து வருடமாகச் சந்தேகமாக இருந்தது உறுதியானதும், அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. பெட்டிக்குள் கிடந்தவனைப் பிடித்து உலுக்கி, ஏண்டா என்று கேட்க வேண்டும் போல இருந்தது.

"நல்ல எடமாத்தான் போட்டிருக்கீங்க அண்ணி, நாற்காலிய" என்றாள்.

பிலோமி நிமிர்ந்தாள். "அத நாங்க போடல அமலி. அவர் போட்டதும்மா. எடுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. ரெண்டு மாசமா இதே கூத்து. பாய் ஒரு லென்ஸ் குடுத்தனுப்புவாரு. இவரு அந்த மூலையில நாற்காலியப் போட்டுட்டு இங்கேருந்து பாப்பாரு. நாற்காலி முழுசாத் தெரியலன்னா வேற லென்ஸ் கேட்டு அனுப்புவாரு. காலி நாற்காலிக்கா போட்டோ எடுக்கப்போறீங்கன்னு கேட்டேன். வாயே தெறக்கல."

அல்லா பிச்சை தொண்டையைச் செருமினார். "முப்பத்தஞ்சு எம்.எம். நல்ல கண்ணாடிம்மா. பத்தாதுன்னுட்டாரு. இருபத்திநாலு இன்னும் அகலம், எல்லாம் அடங்கும், ஆனா ஓரத்துல நிக்கிறவங்க மொகம் இழுத்துக்கும். அதுவும் வேணாம், மொகம் மொகமா இருக்கணும்னாரு. கடைசியா இந்த இருபத்தெட்டுலதான் வந்து நின்னாரு. கண்ணாடியில கொஞ்சம் பூஞ்சை, அதான் மலிவு. படத்துல தெரியாது."

அமலி மூலையைப் பார்த்தாள். அது யாருடைய நாற்காலி என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மனசு இளகத்தான் செய்தது. ஆனால் அவளுடைய சந்தேகம் அவ்வளவு லேசில் எழுந்து போகிற ஜாதி இல்லை. அது நாற்காலியை விட்டு, சாமிதுரையிடம் வந்து நின்றது.

"அண்ணி, ஒண்ணு கேக்குறேன். பெரியப்பாவ அன்னிக்கு ரெண்டடி தள்ளி நிக்கச் சொல்லியிருந்தா நான் தெரிஞ்சிருப்பேன். அதுக்கு எதுக்கு லென்ஸு?"

பிலோமி புருஷனின் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் ஒட்டியிருந்த மாலைப் பூவை எடுத்துப் போட்டாள்.

"அத அவரால சொல்ல முடியல அமலி" என்றாள்.

அமலி வெளியே போனாள். பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்க, "என்னங்க, உள்ள வாங்க" என்று அறிவுச்செல்வனைக் கூப்பிட்டாள். அவர் தயங்கினார். "வேணாம்மா, நீ நில்லு" என்றார். அவள் போகவில்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் வந்தார். கூடத்துக்குள் வந்ததும் அவள் நேராகத் தலைமாட்டுக்குப் போனாள்.

"பெரியப்பா, தள்ளி நில்லுங்க. நானும் இவரும் நிக்கணும்."

வெளியே பேண்டுக்காரர்களில் ஒருவன் கிளாரினெட்டை ஊதிப் பார்த்துவிட்டு நிறுத்தினான். சாமிதுரை பிலோமியைப் பார்த்தார். பிலோமிதான் முதலில் நகர்ந்து இடம் விட்டாள். அதற்குமேல் அவர் அங்கே நிற்கவில்லை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையைத் தாண்டி மூலைக்கே போய்விட்டார். வழியில் இருந்த நாற்காலியை யாரோ தூக்கி வெளியே வைத்தார்கள்.

"நீ பையன், நீயும் நிக்கணும். நான் எடுக்குறேன், போ" என்று கிளமென்ட்டைப் பெட்டியின் கால்மாட்டுக்கு அனுப்பிவிட்டு, அல்லா பிச்சை கேமராவில் குனிந்தார்.

"பாய், நான் தெரியிறேனா?" என்று கேட்டார் சாமிதுரை.

அல்லா பிச்சை தலையைத் தூக்கினார். "பாதி தெரியிறீங்கய்யா."

சாமிதுரை பக்கத்தில் நின்றவனை நெருக்கிப் பார்த்தார். இடமில்லை. பிறகு யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அமலிக்கு அது நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றுகூடத் தோன்றியது. அவருடைய தாடை நடுங்குவதைப் பார்த்த பிறகு அவ்வளவு நன்றாக இல்லை.

"அந்த இருபத்தெட்டப் போடுங்க பாய்" என்றாள். "அவரும் தெரியட்டும்."

அல்லா பிச்சை பழைய லென்ஸைத் திருகிக் கழற்ற ஆரம்பித்தார். அறிவுச்செல்வன் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றார். அமலி அவருடைய வலது கையைப் பிடித்து, பெட்டியின் விளிம்பில் வைத்தாள்.