தொண்ணூறு நாள் வாய்தா

முதலாளி விருத்தகிரி பிராது கட்டிவிட்டு வந்த திங்கட்கிழமையிலிருந்து, பட்டறையில் காணாமல் போன சாமான்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வர ஆரம்பித்தன. முதலில் ஒரு கட்டிங் பிளேயர். அடுத்து இரண்டு பிரஷ்கள். புதன்கிழமை காலையில், ஆறு மாதத்துக்கு முன் தொலைந்துபோன டிபன் கேரியர் மூடி பேக்கிங் மேசை மேல் உட்கார்ந்திருந்தது. யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது, ஸ்டேஷனில் புகார் கொடுப்பது மாதிரிதான். நடந்ததை வெள்ளைத் தாளில் எழுத வேண்டும். ஊர் எவ்வளவு தூரமோ அதற்குத் தக்க கட்டணம் உண்டு. மடித்த தாளைச் சந்நிதியில் கட்டிவிட்டால் சாமிக்குத் தொண்ணூறு நாள் வாய்தா. காரியம் முடிந்ததும் மறுபடி போய் வாபஸ் வாங்க வேண்டும். பட்டறையில் சோதனை பார்க்கிற பாரதிக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனால் எது ஓடினாலும் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிற ஆசை சின்ன வயதிலிருந்தே உண்டு. மூன்று நாளில் மூன்று சாமானை மீட்ட ஏற்பாட்டை அவள் மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். கேமரா வைத்திருந்தால்கூட அந்த மூடி வந்திருக்காது.

என்ன மெச்சி என்ன, பிராது யாரைத் தேடிப் போனதோ அந்த ஆள் அவள்தான். அவளை மட்டும் அது தொடவே இல்லை.

நடந்தது இதுதான். விருத்தகிரியின் பட்டறையில் பீங்கான் ஃப்யூஸ் கேரியர் செய்கிறார்கள், பம்ப்செட் கொட்டகைகளில் கையால் பிடித்து இழுத்து மாட்டுகிற வெள்ளைக் கட்டை. போன வாரம் கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு விவசாயி, தூறல் விட்ட கையோடு ஃப்யூஸைப் பிடுங்கப் போய், ஷாக் அடித்துத் தூக்கி எறியப்பட்டார். உயிருக்கு ஒன்றும் இல்லை. வலது கை மட்டும் இரண்டு நாள் மரத்துக் கிடந்தது. கடைக்காரர் அந்தக் கட்டையைத் திருப்பி அனுப்பினார். விருத்தகிரி அதை உடைத்து மையில் போட்டார்.

இந்த மை சோதனை பாரதிக்கு மிகவும் பிடித்த வேலை. நன்றாக வெந்த பீங்கான் கண்ணாடி மாதிரி இறுகிப்போயிருக்கும். உடைத்த முகத்தில் சிவப்பு மை ஊற்றிக் கழுவினால் சுவடே இருக்காது. வேகாத பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் ஆயிரம். மை உள்ளே இறங்கிவிடும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. மை இறங்குகிற இடத்தில் மழைத் தண்ணீரும் இறங்கும். தண்ணீர் இறங்கிய கட்டை கரண்ட்டைத் தடுக்காது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு ட்ராலிக்கும் ஒரு கட்டையை உடைத்துப் பார்ப்பார்கள். அதுவும் அடி வரிசையிலிருந்து எடுக்க வேண்டும். ட்ராலியின் அடிச் செங்கல் சூடு ஏறவும் நேரம் எடுக்கும், இறங்கவும் நேரம் எடுக்கும். அதனால் வேகாமல் போனால் அடி வரிசைதான் முதலில் போகும்.

திரும்பி வந்த கட்டை சிவந்தது. அடியில், சூளையிலிருந்து இறக்கியதும் குத்துகிற 'பதினேழாம் ட்ராலி, அடி வரிசை' முத்திரை இருந்தது. விருத்தகிரி ரிஜிஸ்டரைப் புரட்டினார். 'பதினேழு, அடி வரிசை, சுத்தம்.' பாரதியின் கையெழுத்து. பதினெட்டு வருஷமாக அந்தக் கையெழுத்தை அவர் சந்தேகப்பட்டதில்லை. "பாரதிம்மா சாமி கும்பிடாது, ஆனா பொய் எழுதாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஆகவே அவர் கணக்கு வேறு பக்கம் போனது. திரும்ப வேக வைக்க ஒதுக்கிய கட்டைகளில் ஒன்றை எவனோ நல்லதோடு கலந்துவிட்டான். அந்த எவனோ யார் என்று காட்டத்தான் பிராது.

பாரதிக்குப் பதினேழு என்ற எண்ணைப் பார்த்ததுமே அந்த நாள் ஞாபகம் வந்தது. ஆவணியில் ஒரு சனிக்கிழமை. மகள் இனியாவின் காலேஜ் சேர்க்கைக்குக் கடலூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அடி வரிசை தொட முடியாத சூடு. ஆற இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். மேல் வரிசையில் ஒன்றை எடுத்து உடைத்தாள், சுத்தமாக இருந்தது. கைப்பழக்கத்தில் 'அடி வரிசை' என்று எழுதிவிட்டுப் பஸ் ஏறினாள். கலந்தது யாரும் இல்லை. அடி வரிசையில் இருப்பில் மிஞ்சிய இரண்டு போக, இருநூற்று நாற்பது கட்டைகள் அப்படியே வெளியே போயிருக்கின்றன.

இதை உலகத்தில் ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

வியாழக்கிழமை மதியம் பேக்கிங் மேசையில் ஜைத்தூன் பீவி சோற்றைப் பிசைந்தபடி, "கொளஞ்சியப் பாத்தியா? ஒரு வேளதான் சாப்புடுறான்" என்றாள்.

கொளஞ்சி சூளைக்காரன். கொளஞ்சியப்பருக்கு வேண்டிப் பிறந்தவன் என்பதால் அந்தப் பெயர். "கேஸக் கொறச்சி வச்சிட்டனோ என்னமோ, எனக்கே தெரியாம" என்று புலம்பிக்கொண்டிருந்தான். அவன் சூளை ஏட்டைப் பாரதி பார்த்தாள். கேஸ் குறையவில்லை. சூடு குறைந்தது, கரண்ட் போய்ச் சூளை விசிறி நின்ற இருபது நிமிஷம்தான். அதையும் எழுதி வைத்திருந்தான். தப்பே செய்யாதவன் பட்டினி கிடந்தான், செய்தவள் தயிர்சாதம் தின்றாள்.

"அக்கா, நான்தான்" என்றாள் பாரதி.

"எது?"

சொன்னாள். ஜைத்தூன் பீவி கையைக் கழுவாமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க தோள்ல ரெண்டு மலக்கு ஒக்காந்து எழுதிக்கிட்டே இருக்காங்க. நல்லது ஒருத்தர், கெட்டது ஒருத்தர். ஒனக்கு யாரு எழுதறது?"

"நானே எழுதறன். அதான் வெனையே."

பீவி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "சொன்னீன்னா என்னா பேசுவாங்க தெரியுமா? சாமி பயம் இல்லாதவ, அதான் பொய் எழுதிட்டான்னுவாங்க."

"அது பாதிப்பேரு. மீதிப்பேரு, பிராது வேல செஞ்சிது, கொளஞ்சியப்பர் அவ வாயத் தொறந்துட்டாருன்னுவாங்க. தப்பு என் கணக்கு, நெசம் சாமி கணக்கு."

"அப்ப எதுக்குச் சொல்ற? யாருக்குப் பயந்து?"

"பயந்தாத்தான் சொல்லணுமாக்கா? சாமிக்குத் தொண்ணூறு நாள் வாய்தா இருக்குது. மழைக்கு இல்ல. ஐப்பசி பொறந்தா இருநூத்தி நாப்பது கொட்டகையிலயும் கட்ட நனையும்."

ஜைத்தூன் பீவி சோற்றை ஓரமாகத் தள்ளினாள். "எங்க மார்க்கத்துலயும் அதத்தான் சொல்லுது. அடுத்தவனுக்குச் சேர வேண்டியத மொதல்ல குடு, அப்புறம் அல்லாகிட்ட மன்னிப்புக் கேளுன்னு."

"முன்பாதி போதும் எனக்கு."

"பின்பாதிய நான் கேட்டுக்கறன் போ. எச்சிக்கையோட ஒக்கார வச்சிட்ட."

பாரதி நேரே ஆபீசுக்குப் போனாள். விருத்தகிரி முதலில் நம்பவில்லை, கொளஞ்சியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்றே நினைத்தார். அவள் இருப்பில் கிடந்த பதினேழாம் ட்ராலிக் கட்டைகளில் மேல் வரிசையில் இரண்டும் அடி வரிசையில் இரண்டும் உடைத்து, மை ஊற்றி, குழாயில் கழுவி அவர் மேசை மேல் வைத்தாள். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு. அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"பதினெட்டு வருஷம் பாரதிம்மா."

"ஆமாங்க மொதலாளி. அதனாலதான் ரெண்டாவது ஆளு யாரும் பாக்கல. பாத்திருந்தா அன்னிக்கே மாட்டியிருப்பேன். இனிமே உடைக்கறது நானு, கையெழுத்து ஜைத்தூன் அக்கா. வேலய விட்டு அனுப்பறதுன்னாலும் அனுப்புங்க, ஆனா கட்டைங்களத் திருப்பிட்டு அனுப்புங்க."

அவர் வெகுநேரம் சிவந்த துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கோயில் இருக்கும் மேற்கே பார்த்துக் கும்பிட்டார். "கட்டி நாலு நாள் ஆவல. எப்பேர்ப்பட்ட சாமி."

அவளுக்குச் சுருக்கென்றது. ஒரு நிமிஷம் சண்டை போட வாய் வந்தது. கடைகளின் ஃபோன் நம்பர் அவரிடம்தான் இருந்தது. "கம்மாபுரம் கடைக்கு மொதல்ல அடிங்க மொதலாளி" என்றாள்.

கடைகளில் விற்காமல் இருந்த நூற்றுமுப்பது கட்டைகள் சனிக்கிழமைக்குள் வந்துவிட்டன. மீதியைக் கடைக்காரர்கள் சொன்ன பேர்களை வைத்து வீடு வீடாகத்தான் வாங்க வேண்டும். கொளஞ்சி டி.வி.எஸ்ஸை ஓட்ட, பாரதி பின்னால் புதுக் கட்டைகள் நிரம்பிய சாக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வயிறு நிறையச் சாப்பிட்டதில் அவனுக்குப் பேச்சு திரும்பியிருந்தது.

"எங்கப்பன் கொளஞ்சியப்பரு எனக்கு மட்டும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்க்கா, நீ இல்லடான்னு. நாலு நாள் பட்டினி போட்டுட்டாரு."

"நான் திங்கக்கெழமயே சொல்லியிருக்கணும். அந்த நாலு நாளும் என்னுது கொளஞ்சி."

கொஞ்ச தூரம் போனதும், "சாக்கக் கெட்டியாப் புடிச்சிக்கக்கா, பள்ளம்" என்றான்.

கம்மாபுரத்தைத் தாண்டி ஒரு கொட்டகையில் ஆண்டாள் என்கிற அம்மாள் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள். நல்லா ஓடுகிற ஃப்யூஸை எதற்குக் கழற்றுகிறீர்கள் என்று வழி மறித்தாள்.

"நான்தாம்மா டெஸ்ட்டு பண்றவ. சரியாப் பாக்காம, பாத்தன்னு எழுதிட்டேன். நனஞ்சா ஷாக் அடிக்கும். காசு வாணாம், வேற தரேன்" என்றாள் பாரதி. பத்தொன்பது கொட்டகைகளில் இதையே சொல்லியிருந்தாள். முதல் இரண்டு இடத்தில் நாக்கு தடுக்கியது, இப்போது இல்லை.

"கொளஞ்சியப்பர் காட்டிக் குடுத்தாரும்மா" என்று கொளஞ்சியும் தன் பங்கைச் சொன்னான். அவனும் பத்தொன்பது தடவை சொல்லியிருந்தான்.

ஆண்டாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அந்தம்மா தானா வந்து சொல்றன்னுது. நீ சாமி சொல்ல வச்சாருங்கற. எது நெசம்?"

"போற வழியில அவன்கிட்ட சண்ட போட்டுக்கறம்மா" என்றாள் பாரதி. "மெயின ஆஃப் பண்ணுங்க மொதல்ல."

கொளஞ்சியே போய் மெயினை அணைத்தான். பாரதி டெஸ்டரை வைத்துப் பார்த்தாள், பிறகு ஒருமுறை பார்த்தாள், கட்டையைப் பிடுங்கினாள். அடியில் பதினேழு. சாக்கில் போட்டுவிட்டு, இன்னும் எண்பத்தொன்பது கொட்டகை என்று கொளஞ்சியிடம் சொன்னாள்.