எத்தனை அடி தூக்கும்?

சங்கரன்கோவில் வட்டாரத்தில் போர் மோட்டார் வாங்குகிறவர்கள் வேல்விழியை ஒரு வார்த்தை கேட்காமல் வாங்க மாட்டார்கள். ராஜபாளையம் ரோட்டில் அவள் கடை. கம்பெனி ஆள் வந்து எவ்வளவு அளந்தாலும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். கடைசியில், "அதெல்லாம் இருக்கட்டும், எத்தனை அடி தூக்கும்? அதைச் சொல்லுங்க" என்பாள். பாதிப் பேர் அதோடு வாயை மூடிக்கொள்வார்கள். இந்தப் பக்கம் தண்ணீர் என்றால் பாதாளத்திலிருந்து மேலே வர வேண்டும். தூக்காத மோட்டார் மோட்டாரே இல்லை.

அப்பேர்ப்பட்டவளுக்கு அன்று காலையில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வீட்டு ஹாலில் ஆள் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் உப்புத் தண்ணீர் தயாராக நின்றது. ஊரே நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு அலையும்போது, நல்ல தண்ணீரில் உப்பை விலைக்கு வாங்கிக் கொட்டிக் கலக்குகிற ஒரே வீடு இதுதான் என்று தெருவில் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்? தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்த இரண்டு கோமாளி மீன்கள், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டையோடு, பிளாஸ்டிக் பைக்குள் இருந்தபடியே தொட்டியில் மிதந்துகொண்டிருந்தன. பைத் தண்ணீரின் சூடும் தொட்டித் தண்ணீரின் சூடும் ஒன்றானதும் திறந்துவிட வேண்டும். அதற்குள் தொட்டியில் ஒரு பம்பு ஓடியாக வேண்டும்.

ஏனென்றால் இது இரண்டாவது ஜோடி. முதல் ஜோடி, அசையாத தண்ணீரில் மூச்சுக்குத் தவித்து, மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்தே செத்துப்போனது. வேல்விழியின் கணவன் செல்வக்குமார் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவன், ஏலத்தில் நின்றால் ஊரையே அதட்டுகிற ஆள். அவன்தான் முருங்கை மரத்தடியில் குழி தோண்டி அவற்றைப் புதைத்தான். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

"ஏட்டி, இந்த ஜோடியும் செத்துச்சுன்னா தொட்டியை வித்துருவேன். என்னால இதையெல்லாம் பாத்துக்கிட்டு இருக்க முடியாது" என்று கறாராகச் சொல்லிவிட்டான். வேல்விழியும் தலையை ஆட்டியிருந்தாள். ஆட்டின தலைக்குள் அன்றிலிருந்து அதே நினைப்புதான். கடை முழுக்க மோட்டாரை அடுக்கி வைத்துக்கொண்டு, சொந்த மீனுக்கு ஒரு பம்பு பார்க்கத் தெரியவில்லை என்றால் அதைவிடக் கேவலம் வேறென்ன?

வண்ணமீன் கடை மைதீன் பாட்சா இரண்டு பெட்டிகளோடு வந்து சேர்ந்தான்.

"அக்கா, மதுரையில சொல்லி வச்சதுக்கு ரெண்டு விதமா அனுப்பிருக்கான். நீங்களே பாத்து எடுத்துக்கோங்க. கடல்மீன் வெவகாரம் எனக்கும் புதுசு, என்னைய நம்பாதீங்க."

முதல் பெட்டியில் கறுப்பாய்க் குட்டையாய் ஒரு பம்பு, முன்னால் நீண்ட மூக்கு. ஆறடி உயரம் தூக்கும், மணிக்கு இரண்டாயிரம் லிட்டர் என்று போட்டிருந்தது. இரண்டாவதில் சின்ன விசிறி போல இறக்கை, அகன்ற வாய், கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள ஒரு காந்தம். மணிக்கு நாலாயிரம் லிட்டர், ஐந்து வாட். எத்தனை அடி தூக்கும் என்று பெட்டியைத் தலைகீழாகப் புரட்டியும் பார்த்தாள். போடவே இல்லை.

"அஞ்சு வாட்டுல நாலாயிரம் லிட்டரா? யார் காதுல பூ சுத்துதான் இவன்? சீரோ வாட் பல்புக்கே பத்தாது பாட்சா. மூக்கு வச்சதையே எடு!"

மூக்கு வைத்ததை உள்ளே இறக்கி சுவிட்சைப் போட்டாள். போட்டதுதான் தாமதம், தண்ணீர் ஒரே கோடாகப் பாய்ந்து அடி மணலைத் தோண்டிப் பள்ளமாக்கியது. தொட்டி பால் மாதிரி வெளுத்தது. மீன் பை மூலைக்கு அடித்துச் செல்லப்பட்டு, உள்ளே இரண்டும் உருண்டன. எதிர் மூலையில் ஒரு தூசிகூட நகரவில்லை. வேல்விழி பதறிப்போய் அணைத்தாள்.

"என்னட்டி சத்தம்?" கொல்லையிலிருந்து செல்வக்குமார் கேட்டான்.

"ஒண்ணுமில்லங்க!" என்றாள்.

மணல் அடங்கட்டும் என்று நிற்கும்போது போன் அடித்தது. இளையரசனேந்தல் பரமசிவன், பழைய வாடிக்கை.

"தங்கச்சி, புதுசா மோட்டார் இறக்கணும். மூணு எச்.பி. போதுமா, அஞ்சு போடவா?"

"தண்ணி எத்தனை அடியில கெடக்கு அண்ணாச்சி?" பழக்கத்தில் கேட்டுவிட்டாள். கேட்டவள் அப்படியே தொட்டியைப் பார்த்தாள்.

இங்கே தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது? பம்பே தண்ணீருக்குள்தானே உட்கார்ந்திருக்கிறது! தூக்க என்ன இருக்கிறது? மேலே கொண்டுபோக ஒரு சொட்டு இல்லை, இருக்கிற தண்ணீர் இருக்கிற இடத்தில் சுற்றி வந்தால் போதும். தூக்குகிற பாரம் இல்லாதவனுக்கு ஐந்து வாட் தாராளம். கம்பெனிக்காரன் பூ சுற்றவில்லை, சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அண்ணாச்சி, நல்லா இருப்பீங்க! அப்புறம் பேசுதேன்!" ஒன்றும் விளங்காத பரமசிவன் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தாள். "பாட்சா, அந்த விசிறியை எடுலே, சீக்கிரம்!"

காந்தத்தை மேல்பக்கமாகக் கண்ணாடியில் ஒட்டி, எதிர்க் கண்ணாடியைப் பார்க்கத் திருப்பி, சுவிட்சைப் போட்டாள். சத்தமே இல்லை. ஆனால் தண்ணீர் மொத்தமும் அசைந்தது. மேலே அலை சுருண்டது, மூலையில் கிடந்த தூசி மெதுவாகக் கிளம்பித் தொட்டியை வலம் வந்தது. அடியில் மணல் கலையவில்லை. பாட்சா வாயைத் திறந்தவன் மூடவில்லை.

தண்ணீர் தெளிந்ததும், பையை அவிழ்த்து மீன்களைக் கையளவு வலையில் அள்ளி விட்டாள். இரண்டும் கல்லைப் போட்ட மாதிரி அடிக்குப் போய் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டன. பெரியது ஆடவே இல்லை. வேல்விழி கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள். முருகா, மேலே வந்து வாயைப் பிளக்கக் கூடாது, அது மட்டும் கூடாது.

சின்னது முதலில் கிளம்பியது. பம்பின் வாய்க்கு எதிரே போய் நின்றது. தண்ணீர் அதைத் தள்ளியது. தள்ளின இடத்திலிருந்து திரும்பவும் வந்து நின்றது. சறுக்கில் ஏறுகிற பிள்ளை போல மறுபடி, மறுபடி. பின்னாலேயே பெரியதும் இடுப்பை ஆட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. வேல்விழி வீடு அதிர ஒரு கத்துக் கத்தினாள்.

கொல்லையிலிருந்து ஓடிவந்த செல்வக்குமார் ஹால் வாசலிலேயே நின்று, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"போச்சா? ரெண்டும் போச்சா?"

"விளையாடுதுங்க! வந்து பாருங்க!"

ஒரு கண்ணை மட்டும் திறந்து எட்டிப் பார்த்தான். பிறகு இரண்டு கண்ணாலும் பார்த்தான். பிறகு நாற்காலியை இழுத்துக் கண்ணாடிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தான். அவன் கண் கலங்கியிருந்ததை வேல்விழி கவனிக்காத மாதிரி இருந்தாள்.

சட்டைப் பையில் போன் அலறியது. கமிஷன் கடைக் கணக்கப்பிள்ளை தங்கப்பழம். "அண்ணாச்சி, லோடு வந்து இறங்கிட்டு. ஏலத்துக்கு ஆள் எல்லாம் காத்துக் கெடக்கு. எங்கன வந்துட்டு இருக்கீங்க?"

செல்வக்குமார் மீன்களை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னான்: "நீயே ஏலத்தை நடத்துலே. நான் இன்னைக்கு வாரதுக்கில்ல. எங்க வீட்டுக்குக் கடல் வந்துருக்கு."