நகரி மூக்குக்கு நேர்ந்த தேங்காய்

கடல் ஏறினால் எனக்கு வாந்தி வரும். காத்திவாக்கத்தில், மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவனுக்கு இது வியாதி இல்லை, மானக்கேடு. கட்டுமரம் அலையைத் தாண்டுவதற்குள் காலையில் குடித்த கேழ்வரகுக் கூழ் மொத்தமும் கடலுக்குப் போய்விடும். அதனால்தான் நாலெழுத்து படித்துத் துறைமுகத்தில் குமாஸ்தா ஆனேன். குப்பத்தில் எனக்குப் பேர் 'கரை எத்திராஜ்'.

பேர் போகட்டும். தாய்மாமன் நீலமேகத்தின் பெண் புஷ்பவல்லி எனக்கு வேண்டும். அவளுக்கும் சம்மதம். மாமாதான் முறைத்துக்கொண்டு நின்றார்.

"கடல் ஏறாதவனுக்குப் பொண்ணு இல்லடா. வூட்ல கொயம்பு வைக்க மீனு வோணாமா? உன் பேனாவப் போட்டா கொதிக்க வைப்பா?"

மாமாவிடம் ஒரு பழைய வேண்டுதல் பாக்கி இருந்தது. ஒரு புயலில் திசை தெரியாமல் அலைந்தவர், மேகம் விலகியதும் மேற்கே நகரி மலையின் மூக்கைப் பார்த்திருக்கிறார். தூரக்கடலுக்குப் போகிற எங்கள் ஆட்களுக்கு அதுதான் அடையாளம். மல்லாந்து படுத்தவனின் மூக்கு மாதிரி நிமிர்ந்து தெரியும் என்பார்கள். அதைப் பார்த்தே கரை சேர்ந்தவர், "உன் காலடிக்கு நடந்தே வந்து தேங்காய் உடைக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டார். வருஷங்கள் ஓடின. போகவில்லை. சுறாவுக்குப் பயப்படாத மனிதருக்குக் காடு, மலை என்றால் உதறல். போதாததற்கு ஆந்திரா பிரிந்து, மலை எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

"நான் இட்டுகினு போறேன் மாமா" என்றேன். "வேண்டுதல் முடிஞ்சா புஷ்பாவைக் குடு."

மாமா வெற்றிலையை மென்றபடி யோசித்தார். "தேங்கா ஒடஞ்சா பொண்ணு உனுக்கு."

அன்றிலிருந்து நான் மலையேறும் நிபுணன். ஆபீஸ் சுவரில் தொங்கிய வரைபடத்தில் நூல் வைத்து அளந்தேன். மாதவரம், செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், நகரி. எங்கே தங்குவது, எங்கே சமைப்பது எல்லாம் முடிவாயிற்று. நூலுக்கு மேடு பள்ளம் தெரியாது. எனக்கும் தெரியாது. எல்லையில் போலீஸ் மறித்தால் பேசத் தெலுங்கு மனப்பாடம் செய்தேன். ஏறிப் பழக வேண்டுமென்று துறைமுகக் கிரேனின் ஏணியில் ஏறினேன். இறங்கத் தைரியம் வராமல் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்ற என்னைக் கிரேன் ஓட்டுகிற பக்ருதீன் பாய் தோளில் போட்டு இறக்கினார்.

மாமா கடலுக்குப் போகிற மாதிரியே கிளம்பினார். காற்று பார்த்தார். வழிச்சாப்பாடு என்று ஒரு மூட்டை நெத்திலிக் கருவாடு கட்டினார். "மலைக்கு வழி கேக்க வோணாம். மூக்கு தெரியும், பாத்துகினே நட" என்றார். கடலில் சரியாக இருந்த யோசனை. எனக்கும் சரியென்றே பட்டது.

பெரியபாளையம் வரை ஆடி மாசத்தில் அம்மனைப் பார்க்க ஊரே நடக்கிற பாதை. மார்பை நிமிர்த்தி நடந்தோம். ஊத்துக்கோட்டை தாண்டியதும் முள்ளும் பாறையும் எங்களைக் கவனித்துக்கொண்டன. கருவாடு தாகத்தைக் கிளப்பியது, தண்ணீர் கண்ணில் படவில்லை, மூட்டைக்குப் பின்னால் நாய்கள் மட்டும் விசுவாசமாக வந்தன. எல்லையில் நின்ற போலீஸ்காரர் நல்ல தமிழில், "மூட்டையில என்னய்யா நாத்தம்?" என்றார். என் தெலுங்கு வீணாயிற்று.

கடைசியில் மலையடிவாரம். அண்ணாந்து பார்த்தால் பாறை, அதன் மேல் பாறை. மூக்கைக் காணோம். ஆடு மேய்க்கிறவர் இதுதான் நகரி மலை என்று சத்தியம் செய்தார். மாமா இந்தப் பக்கம் போய்ப் பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார், பிறகு பொத்தென்று உட்கார்ந்தார்.

"இது அது இல்லடா."

"அதான் மாமா! கிட்ட வந்தா எப்படித் தெரியும்?"

"என்னக் காப்பாத்துன மூஞ்சி எனுக்குத் தெரியாதா? மூஞ்சி காட்டாதவனுக்கு நான் தேங்கா ஒடைக்க மாட்டேன்."

தேங்காயைக் கருவாட்டோடு மூட்டையில் போட்டுக் கட்டினார். என் கல்யாணத்தையும் சேர்த்துத்தான். ரயிலில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

உடையாத தேங்காயைப் பார்த்த புஷ்பவல்லி நடந்ததை விசாரித்தாள். என்னைத் திட்டவில்லை. "நைனா, அந்த மூஞ்சி எங்க நின்னா தெரியும்?" என்று மட்டும் கேட்டாள்.

"கடல்லதான்."

"காலடிக்கு நடந்து பூட்டு வந்துட்ட. மூஞ்சியப் பாத்து ஒடைக்கிறதுதான பாக்கி? கடல்ல ஒட."

மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "இட்டுகினு போறேன்னு சொன்னவன் நீ. வர்றியாடா?"

இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கத்தான் நான் நகரி வரைக்கும் நடந்தேன். புஷ்பவல்லி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வர்றேன் மாமா" என்றேன்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் கிளம்பினோம். கூழ் போயிற்று, டீ போயிற்று, அதன் பிறகு வர எதுவுமில்லாமலும் வந்துகொண்டே இருந்தது. தேங்காயை மட்டும் இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்திருந்தேன்.

"டேய்! தெரியுதுடா! மூக்கு!" மாமா குழந்தை மாதிரி அழுதார். நான் தலையைத் தூக்கவில்லை. தூக்க முடியவில்லை. "இட்டுகினு வந்தவன் நீ, நீயே ஒடைடா" என்றார். கண்ணை மூடிக்கொண்டு கட்டுமரத்தில் ஓங்கி அடித்தேன். தேங்காயும் உடைந்தது, கட்டைவிரல் நகமும் பெயர்ந்தது.

கரையில் வலை காய வைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். "இன்னா மாமு, கரை எத்திராஜையா இட்டுகினு போன?"

மாமா கட்டுமரத்தை இழுப்பதை நிறுத்தினார். "அவன் பேரு எத்திராஜு. எம் மாப்ள" என்றார்.

இத்தனை பேர் நடுவில் அப்படிச் சொல்லிவிட்டார். புஷ்பவல்லி பார்த்துக்கொண்டிருந்தாள். பதிலுக்கு ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமென்று வாயைத் திறந்தேன், மாமாவின் காலிலேயே வாந்தி எடுத்தேன்.